ஃபயர் டிபார்ட்மென்ட் ஆளுங்க கோயில் ஹாலுக்கு வர்றாங்களாம், போனா பிரயோஜனம் உண்டா?

நீங்க கேட்டது இதுதான்: தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்துல சாட்ஸ்வொர்த் பக்கம் குடிவந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது, கோயில் கமிட்டி வாட்ஸ்அப் குரூப்ல டர்பன் ஃபயர் டிபார்ட்மென்ட்காரங்க ஞாயித்துக்கிழமை ஹாலுக்கு வந்து டெமோ காட்டப் போறாங்கன்னு மெசேஜ் வந்திருக்கு, பசங்க வண்டி மேல ஏறி ஃபோட்டோ எடுத்துக்கிறதைத் தவிர இதுல ஏதாவது இருக்கா, இல்ல சும்மா கணக்கு காட்ட வர்றாங்களா. ஆனா அடியில வேற ஒரு கேள்வி இருக்குன்னு எனக்குப் படுது. தீ புடிச்சா வண்டி வந்து அணைக்கணும், அதுக்குத்தானே முனிசிபாலிட்டிக்கு ரேட்ஸ்னு வீட்டு வரி கட்டுறோம், அதை விட்டுட்டு நமக்கு ஏன் பாடம் எடுக்குறாங்கன்னுதான் நீங்க கேக்க வர்றீங்க. அதுக்கு பதில் சொல்லிட்டா மத்தது தானா வந்துரும்.

நான் நாக்பூர்ல இருக்கிற நேஷனல் ஃபயர் சர்வீஸ் காலேஜ்ல படிச்சவன், ஊர்ல கொஞ்ச வருஷம் ஃபேக்டரி வேலை, அப்புறம் டர்பன் வந்து கட்டடங்களுக்கு ஃபயர் ப்ளான் போடுற வேலை பாத்துக்கிட்டிருக்கேன். முனிசிபல் டிபார்ட்மென்ட்ல நான் ஆள் கிடையாது, ப்ளான் அப்ரூவலுக்காக அவங்களோட உக்காந்து பேசியிருக்கேன், சண்டையும் போட்டிருக்கேன், அதனால அவங்களுக்கு வக்காலத்து வாங்குறேன்னு நெனைக்க வேணாம்.

முதல்ல ஒரு கணக்கு பாருங்க. தென்னாப்பிரிக்காவுல ஃபயர் சர்வீஸ் எப்படி இருக்கணும்னு சொல்ற ஸ்டாண்டர்டு ஒண்ணு இருக்கு, சான்ஸ் 10090ன்னு பேரு, அதுல சாதாரண குடியிருப்பு ஏரியாவுக்கு வண்டி வந்து சேர வேண்டிய நேரம் 13 நிமிஷம். எல்லாம் ஒழுங்கா நடந்தா 13, ட்ராஃபிக், வேற கால், வண்டி ரிப்பேர்னு ஏதாவது இருந்தா அதுக்கும் மேல. இப்ப இன்னொரு பக்கம். அமெரிக்காவுல யூஎல்னு பொருட்களோட பாதுகாப்பை டெஸ்ட் பண்ற லேப்ல ரெண்டு ரூமைக் கட்டி எரிச்சுப் பாத்தாங்க, ஒண்ணுல பழைய காலத்து மரம், பஞ்சு, பருத்தித்துணி சாமான், இன்னொண்ணுல இப்ப கடையில விக்கிற ஃபோம் சோஃபா, பாலியெஸ்டர் கர்ட்டன். பழைய ரூம் மொத்தமா தீப்புடிச்சு எரிய 29 நிமிஷம் ஆச்சு, புது ரூம் 4 நிமிஷத்துக்குள்ள. 4 எங்க 13 எங்க! ராத்திரி தூங்கும்போது ஹால்ல சோஃபா புடிச்சா வண்டி வர்றதுக்கு முன்னாடியே உள்ள இருக்கிறவங்க கதி என்னன்னு முடிவாயிரும், வண்டி வந்து காப்பாத்துறது பெரும்பாலும் பக்கத்து வீட்டைத்தான். உலகத்துல எந்த ஊர் டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் இதே கதைதான், இவங்களை மட்டும் குறை சொல்ல ஒண்ணுமில்ல. அதனாலதான் தீ புடிக்கிறதுக்கு முன்னாடி வீடு தேடி வர்றதும் அவங்க வேலையில ஒரு பாதின்னு ஆகிப்போச்சு.

சரி, அப்ப அவங்க வந்து பேசினா தீ குறையுமா? இங்கதான் நெறைய பேர் ஒரேயடியா ஆமாம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க, விஷயம் அவ்வளவு சுலபம் இல்ல. அமெரிக்காவுல ஓக்லஹோமா சிட்டியில தீக்காயம் அதிகமா இருந்த ஒரு ஏரியாவை மட்டும் எடுத்துக்கிட்டு வீடு வீடா 10,000 சொச்சம் ஸ்மோக் அலாரம் இலவசமா குடுத்தாங்க, 1996ல அந்த ரிப்போர்ட் வந்துச்சு, அந்த ஏரியாவுல வீட்டுத் தீயில அடிபடுறது 80 சதவீதம் கொறஞ்சிருந்தது. இதைப் பாத்து லண்டன்லயும் ஏழைங்க ஜாஸ்தியா இருக்கிற பகுதியில 20,000 அலாரம் குடுத்தாங்க, 2002ல ரிசல்ட் வந்துச்சு, தீயும் குறையல காயமும் குறையல. ஏன்னு போய்ப் பாத்தா நெறைய வீட்ல அலாரத்தை மாட்டவே இல்ல, மாட்டின வீட்லயும் கவனிப்பு இல்ல. ஓக்லஹோமாவுல போய்ப் பாத்தப்போ பெரும்பாலான வீட்ல மாட்டியிருந்தாங்க. ரெண்டு ஊருக்கும் வேற வித்தியாசங்களும் உண்டு, அதனால இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் மொத்தத் துறையும் ஒத்துக்கிற விஷயம் இது: வந்து பேசிட்டுப் போறதுல பெருசா ஒண்ணும் நடக்காது, வந்து ஏணி போட்டு சீலிங்ல மாட்டிட்டுப் போனா நடக்கும். ஸோ ஞாயித்துக்கிழமை போங்க, ஆனா அவங்களை ஹால்ல இருந்து எப்படியாவது வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரப் பாருங்க. வீட்டு விசிட் பண்ற அளவுக்கு எல்லா ஸ்டேஷன்லயும் ஆள் பலம் இருக்காது, ஆனா கமிட்டி சார்பா லெட்டர் குடுத்து பத்து பதினஞ்சு வயசானவங்க வீட்டு லிஸ்ட்டும் சேத்துக் குடுத்தா தனியா கேக்குறதை விட காரியம் ஆகும்.

அலாரம்னதும் ஒண்ணு சொல்லணும். நம்ம தெருவுல ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ், அதாவது திருட்டு அலாரம் அடிச்சா துப்பாக்கியோட வர்ற செக்யூரிட்டி கம்பெனி, போர்டு தொங்காத வீடு கிடையாது, ஸ்மோக் அலாரம் இருக்கிற வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கணும். உங்க வீட்ல திருட்டு அலாரம் பேனல் ஏற்கனவே இருந்தா அதுலயே ஸ்மோக் டிடெக்டரையும் சேத்து மாட்டித்தரச் சொல்லலாம், அதுக்குன்னு பேனல்ல தனி ஜோன், அதாவது தனி லைன், போடணும், ராத்திரி நீங்க அலாரம் ஆன் பண்ணினாலும் பண்ணாட்டியும் அது எப்பவும் முழிச்சிருக்கிற மாதிரி ப்ரோக்ராம் பண்ணணும், இதை டெக்னீஷியன்கிட்ட வாயைத் திறந்து கேளுங்க. அது வேணாம்னா பேட்டரியில ஓடுற சின்ன வட்ட அலாரம் ஹார்டுவேர் கடையில கிடைக்கும். பெட்ரூமுக்கு வெளிய பேசேஜ் சீலிங்ல மாட்டுங்க. கிச்சன்ல வேணாம், சாமி ரூம் வாசல்லயும் வேணாம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் அது கத்தும், ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்துட்டு வீட்ல யாராவது பேட்டரியைப் புடுங்கி டிவி ரிமோட்ல போட்டுருவாங்க, அதோட கதை முடிஞ்சுது.

இப்ப இந்த ஊருக்கே உரிய ஆபத்து ஒண்ணு, இதை விலாவாரியா சொல்லணும். பர்க்லர் கார்டு. ஊர்ல நாம ஜன்னலுக்குக் கம்பி போடுறோம் சரி, இங்க ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்கு வெளிய இரும்பு கேட், பேசேஜுக்கு நடுவுல இன்னொரு கேட், ஒவ்வொண்ணுக்கும் தனிச் சாவி. திருடனுக்குப் பயந்து போட்டது தப்பே இல்ல, நானும் போட்டிருக்கேன். ஆனா புகை மண்டிப்போன இருட்டுல சாவிக்கொத்துல எது எந்தப் பூட்டுக்குன்னு தடவிப் பாத்து, நடுங்குற கையோட அதை ஓட்டையில விட்டுத் திருப்பணும், அதுக்குள்ள நாலஞ்சு மூச்சு போதும், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கீழ சாய்ச்சுரும், ஃபோம் எரியிற இடத்துல சயனைடு புகையும் சேந்தே வரும். 2023 ஆகஸ்ட் 31 விடியக்காலையில ஜோஹனஸ்பர்க் மார்ஷல்டவுன்ல உசின்டிசோ பில்டிங் எரிஞ்சப்போ 70 பேருக்கு மேல செத்தாங்க, பூட்டின கேட்டைத் தாண்டி வெளிய வர முடியாம போனவங்க அதுல உண்டு, ஜன்னல் வழியா குதிச்சவங்களும் உண்டு. அது அஞ்சு மாடி, உங்க வீடு தரைத்தளம், இருந்தாலும் பூட்டு பூட்டுதான்.

அதனால ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட முதல் கேள்வியா இதைக் கேளுங்க: எங்க வீட்ல எந்த ஜன்னல் வழியா வெளிய வரலாம்? ஒவ்வொரு பெட்ரூம்லயும் ஒரு ஜன்னல் கம்பியாவது உள்ள இருந்து சாவி இல்லாம தட்டினா திறக்குற மாதிரி மாத்தலாம், வெல்டர்கிட்ட சொன்னா கீல் வெச்சு உள்பக்கம் கொண்டி போட்டுக் குடுப்பான், வெளிய இருந்து கை எட்டாத மாதிரி ஒரு தகடும் வெக்கணும். அதுக்கு இப்பக் காசு இல்லன்னா, கேட் சாவியை ஒரே ஆணியில, ஜன்னல் வழியா கை விட்டாலும் எட்டாத இடத்துல, ஆனா வீட்ல இருக்கிற எட்டு வயசுப் பிள்ளைக்கும் எட்டுற உயரத்துல தொங்க விடுங்க. அப்பாவோட பேன்ட் பாக்கெட்ல சாவி இருக்கிற வீடுதான் எனக்கு ரொம்ப பயம். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு வீட்ல எல்லாரையும் ஒரு தடவை அந்த கேட்டைத் திறந்து வெளிய வரச் சொல்லிப் பாருங்க. சிரிப்பாங்க, சிரிக்கட்டும். எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்தப்புறம் சிரிப்பு நின்னுரும்.

இன்னொண்ணு, காசே செலவில்லாதது, தூங்கும்போது பெட்ரூம் கதவைச் சாத்திட்டுத் தூங்குங்க. அதே யூஎல் ஆளுங்க டெஸ்ட் பண்ணிக் காட்டினாங்க, கதவு திறந்திருந்த ரூம்ல 500 டிகிரிக்கு மேல போனப்போ சாத்தியிருந்த ரூம் 40 டிகிரி பக்கம்தான் இருந்துச்சு. நம்மாளுங்க பிள்ளை அழுதா கேக்கணும்னு கதவைத் திறந்தே வெச்சிருப்போம், எனக்கும் புரியுது, பேசேஜ்ல அலாரம் இருந்தா சாத்திக்கலாம்.

பிள்ளைங்க பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன். ஸ்கூலுக்கு வந்து நில்லு, கீழ விழு, உருளுன்னு சொல்லிக் குடுக்குறாங்களே, அது பிள்ளைங்க மனசுல நிக்குது, கேட்டா சரியா பதில் சொல்றாங்க, அது வரைக்கும் நிச்சயம். அதனால ஊர்ல தீ விபத்து கொறஞ்சுதான்னு கேட்டா, அதுக்கு ஆதாரம் ரொம்ப வீக். பிள்ளைங்க விஷயத்துல இன்னும் ஒரு சிக்கல் என்னன்னா சின்னப் பிள்ளைங்க நெறைய பேர் அந்தக் கீச்சுன்னு கத்துற அலாரத்துக்கு முழிக்கவே மாட்டாங்க, அசந்து தூங்கும். அதனால அலாரம் அடிச்சா எந்தப் பெரியவங்க எந்தப் பிள்ளையைத் தூக்குறதுன்னு முன்னாடியே பேசி வெச்சிருங்க, பாட்டி ரூமுக்கு யாரு போறதுன்னும் சேத்து.

ஹால்ல டெமோ முடிஞ்சதும் ஆஃபீசர் ஒருத்தரை டீ குடிக்கக் கூப்பிட்டு நேரா கோயில் சமையல்கட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, என்னைக் கேட்டா அன்னிக்கு நடக்குற விஷயத்துல இதுதான் பெருசு. கோயில் சமையல்கட்டுல எண்ணெய்ச் சட்டி இருக்கு, வடை போடுறாங்க, சமோசா போடுறாங்க. எண்ணெய் தீப்புடிச்சா தண்ணி ஊத்தக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த நேரத்துல கை தானா குடத்துக்குத்தான் போகும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா 1,700 லிட்டர் ஆகும், எண்ணெய்க்கு அடியில போன தண்ணி ஒரே நொடியில அப்படி விரியும்போது எரியிற எண்ணெயை அப்படியே சீலிங்குக்குத் தூக்கும். கேஸை அணை, மூடியை ஓரத்துல இருந்து தள்ளி மூடு, மூடினதைத் திறந்து பாக்காதே, இவ்வளவுதான். அதுக்கு அந்தச் சட்டிக்கு அளவான மூடி பக்கத்துலயே இருக்கணும், பெரும்பாலும் அது ஸ்டோர் ரூம்ல எங்கயோ கிடக்கும். சுவத்துல தொங்குற சிவப்பு சிலிண்டரைப் பாருங்க, அனேகமா நாலரை கிலோ பவுடர், 15-20 செகண்ட்ல காலியாயிரும், லேபிள்ல கடைசியா சர்வீஸ் பண்ணின தேதி இருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணணும். எண்ணெய்ச் சட்டியில அந்தப் பவுடரைக் கிட்ட போய் அடிச்சா எண்ணெய் சிதறும், அணைஞ்சாலும் சூடு குறையாததால திரும்பப் புடிச்சுக்கும். பெரிய சமையல்கட்டுக்கு வெட் கெமிக்கல் டைப், எண்ணெய்த் தீக்குன்னே செஞ்ச திரவ சிலிண்டர், அதுதான் சரி, கமிட்டி பட்ஜெட்ல அதைக் கேளுங்க.

ஆடி மாசம் கூழ் ஊத்துறப்போ, இங்க போரிட்ஜ் ப்ரேயர்னு சொல்வாங்க, முற்றத்துல பந்தல் போட்டு அதுக்குள்ளயே விறகடுப்புல பெரிய பெரிய பானையை ஏத்திருவாங்க. இங்க அது குளிர்காலம், மழை இல்லாம காஞ்சு கிடக்கும், பெர்க் விண்டு அடிச்சா சூடான வறண்ட காத்து, பொறி பறக்கும். பந்தல் துணி பாலியெஸ்டரோ ப்ளாஸ்டிக்கோ, உருகிச் சொட்டும், தலையில சொட்டினா தோலோட ஒட்டிக்கும். அடுப்பை பந்தலுக்கு வெளிய, காத்து போற பக்கமா தள்ளி வைங்க, ஒரு ட்ரம் தண்ணியும் மண்ணும் பக்கத்துல இருக்கட்டும். தீமிதிக்கும் இதே மாதிரிதான், பெரிய கோயில் திருவிழாக்கள்ல அனுபவம் உள்ளவங்க நிப்பாங்க, சின்னக் கோயில்ல அந்தளவு இருக்காது. மிதிக்கிறவங்க பருத்தி வேட்டி சேலை கட்டணும், நைலக்ஸ் கூடவே கூடாது. சாமி விஷயத்துல தலையிடுறான்னு யாரும் கோவிச்சுக்காதீங்க, குழி நீளத்தைப் பத்தி நான் ஒண்ணும் பேசல.

கூட்டம் பத்தி சாட்ஸ்வொர்த்காரங்களுக்கு நான் புதுசா சொல்லத் தேவையில்ல, நீங்க புதுசு அதனால சொல்றேன். 2000 மார்ச் 24ம் தேதி இங்க த்ராப்னு ஒரு நைட்கிளப்ல கண்ணீர்ப்புகை குண்டு வெடிச்சு, வெளிய ஓடின நெரிசல்ல 13 பிள்ளைங்க செத்துப்போச்சு, எல்லாம் ஸ்கூல் பிள்ளைங்க. தீயே இல்லாம நடந்தது அது. உங்க கோயில் ஹால்ல எத்தனை கதவு, எது வெளிப்பக்கமா திறக்கும், விசேஷத்தன்னைக்கு எது முன்னாடி நாற்காலி அடுக்கியிருக்கு, இதை ஆஃபீசர்கிட்டயே நடந்து காட்டுங்க. 2,000 பேருக்கு மேல வர்ற விழான்னா 2010ல வந்த ஈவென்ட் சேஃப்டி சட்டம் கோயிலுக்கும் பொருந்தும், போலீஸ், ஃபயர் எல்லாம் சேந்து முன்கூட்டியே ப்ளான் போடணும், கமிட்டியில இதைப் பாக்குறது யாருன்னு கேட்டு வைங்க.

அடுத்தது உங்க வீட்டு பின்னாடி அவுட்பில்டிங்ல குடித்தனம் இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. பின்கட்டுக்கு ஒரே மல்டிப்ளக்ல இருந்து ஒயரை இழுத்து அதுல ஹீட்டர், கெட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடுறதை நான் எத்தனையோ வீட்ல பாத்துட்டேன், ஒயர் தொட்டாலே சுடும். மண்ணெண்ணெய் அடுப்பு வெச்சிருந்தா, பாரஃபினை கோக் பாட்டில்ல ஊத்தி வெக்க வேணாம்னு சொல்லுங்க, குழந்தை தண்ணின்னு குடிச்சிரும், குடிச்சிருச்சுன்னா வாந்தி எடுக்க வெக்காம நேரா ஆஸ்பத்திரி. அடுப்பு வாங்கினா சாஞ்சா தானா அணையிற, எஸ்ஏபிஎஸ்னு இந்த நாட்டுத் தர முத்திரை உள்ளதா வாங்கணும், மலிவா கிடைக்குதேன்னு வாங்குற தகர அடுப்புதான் ஆளைக் கொல்றது.

குடிசைப் பகுதிகளைப் பத்தி ஒரு வார்த்தை. டர்பன்லயே க்ளேர் எஸ்டேட்ல கென்னடி ரோடு குடிசைங்க பக்கம் போயிருந்தீங்கன்னா தெரியும், ஒரு குடிசைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஆள் பக்கவாட்டுல தான் போகலாம், வண்டி ரோட்லயே நின்னுரும். அங்க போய் மெழுகுவத்தியை ஜாக்கிரதையா வைங்கன்னு நோட்டீஸ் குடுத்தா, கரண்ட் குடுங்கன்னு அந்த மக்கள் திருப்பிக் கேக்குறாங்க, நியாயமான கேள்வி, அதுக்கு ஃபயர் டிபார்ட்மென்ட் கையில பதில் இல்ல. ஆனா ஒண்ணு நல்லா நடந்திருக்கு. 2013 புத்தாண்டு அன்னிக்கு கேப் டவுன் காயலிட்சாவுல பிஎம் செக்‌ஷன் எரிஞ்சப்புறம் லும்கானின்னு ஒரு டிடெக்டர் செஞ்சாங்க. புகையை விட்டுட்டு சூட்டைப் பாக்கும், ஏன்னா ஒரே ரூம்ல சமைக்கிற வீட்ல புகை அலாரம் நாள் முழுக்க கத்திக்கிட்டே இருக்கும். ஒரு வீட்ல அடிச்சா சுத்தி இருக்கிற வீட்டு டிடெக்டரும் சேந்து கத்தும், தெருவே வாளியோட வந்துரும். மக்கள் எப்படி வாழுறாங்கன்னு பாத்துச் செஞ்ச பொருள், எனக்கு ரொம்பப் புடிச்சது.

கேஸ் அடுப்பு விஷயம் சுருக்கமா. லோட்ஷெட்டிங்னு முறை வெச்சு கரண்ட் கட் பண்றது மோசமா இருந்த 2023ல ஆளாளுக்கு கேஸுக்கு மாறிட்டாங்க, ஃபிக்ஸடா பைப் போட்டு மாட்டியிருந்தா பதிவு பண்ணின கேஸ் டெக்னீஷியன் குடுக்குற சர்டிஃபிகேட் வேணும், வீட்டு இன்ஷூரன்ஸ் க்ளைம் பண்ணும்போது இதைத்தான் முதல்ல கேப்பாங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட காப்பி வாங்கி வைங்க. இன்வெர்ட்டர் லித்தியம் பேட்டரியை வெளிய ஓடுற கதவுக்குப் பக்கத்துல மட்டும் வெக்காதீங்க.

தீக்காயத்துக்கு நான் டாக்டர் கிடையாது, முதலுதவி ட்ரெய்னிங் அளவுக்குத்தான் சொல்ல முடியும்: ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம், ஐஸ் வேணாம், மஞ்சள், டூத்பேஸ்ட், காப்பித்தூள் எதுவும் வேணாம், மோதிரம் வளையலை வீங்குறதுக்கு முன்னாடி கழட்டிருங்க. அதுக்கு மேல ஆஸ்பத்திரிதான்.

கடைசியா கால் பண்றது. ஃபயர் சர்வீஸ் இங்க முனிசிபாலிட்டி கையில, ஆம்புலன்ஸ் மாகாண அரசு கையில, ரெண்டும் வேற வேற கன்ட்ரோல் ரூம். 10177 அடிச்சா ஆம்புலன்ஸ், செல்போன்ல 112 அடிச்சா கேட்டுட்டுத் திருப்பி விடுவாங்க, முனிசிபாலிட்டி ஃபயர் கன்ட்ரோல் ரூம் நம்பரை ஞாயித்துக்கிழமை வர்ற ஆளுங்ககிட்டயே வாங்கி நேரா ஃபோன்ல போட்டுக்கங்க. அட்ரஸ் சொல்லும்போது ஊர்ல மாதிரி பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ல்லாம் வேலைக்கு ஆகாது, யூனிட் (சாட்ஸ்வொர்த்தைப் பிரிச்சிருக்கிற பகுதி) பேரு, ரோடு, வீட்டு நம்பர், பின்கட்டுன்னா அதையும் சொல்லணும். டர்பன்ல பல ரோட்டுக்குப் பேரு மாத்தினதால க்ரே ஸ்ட்ரீட்டை டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட்ங்கிறாங்க, பெரியவங்க இன்னும் பழைய பேருதான் சொல்வாங்க, உங்க ரோட்டுக்கும் ரெண்டு பேரு இருந்தா ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி அந்த கேட் சாவி தொங்குற ஆணிக்குக் கீழ ஒட்டி வைங்க, வீட்டு வேலைக்கு வர்றவங்களும் படிக்கிற மாதிரி இங்கிலீஷ்லயும் ஜூலுலயும்.